கருவியா? கருத்தாவா?

தைப்பூசத்திற்கு முதல் நாள் காலையில் பினாங்கு ஜார்ஜ்டவுன் நகரில் வெள்ளித்தேர் புறப்படும். பினாங்குத் தெருவிலுள்ள கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நகரத்தார் கோவில் வரையிலும் அத்தேர் செல்லும் வழியெங்கும் மக்கள் திரண்டு நிற்பர். தமிழரோடு சீனரும் கலந்து நின்று தேங்காய் உடைத்து வழிபடுவர். நகரத்தார் காரைக்குடியில் செய்வித்து, 1894 ஆம் ஆண்டில் கப்பலேற்றிக் கொண்டுவந்த தேர் அது. அதனைச் செய்வித்தவர் யார் என்று வினவினால், தெருவோரத்தில் நிற்கும் சிறுவனும் தயங்காது விடை கூறுவான். அதனைச் செய்தவர் யார் என்று வினவினாலோ, கூட்டத்தில் பெரியவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர். வெள்ளித் தகட்டை அடித்து நிமிர்த்திக் கொடியும் பூவும் உருவமுமாக ஆக்கிய கைகள் மக்கள் நினைவில் இல்லை.

செய்தல், செய்வித்தல் என்னும் இவ்விரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத் தமிழாசிரியர் எவரும் வகுப்பறையில் விளக்காமல் இரார். மூன்றாம் வேற்றுமையைக் கற்பிக்கும்போது கருத்தா இருவகைப்படும் என்பர். கோவிலைக் கட்டுமாறு ஆணையிட்ட அரசன் ஏவுதற் கருத்தா. அதனைத் தன் கையால் கட்டிய தச்சன் இயற்றுதற் கருத்தா. அவன் கையிலிருந்த உளியோ கருவி. ‘ஆல்’ என்னும் ஒரே உருபு அரசனையும் தச்சனையும் உளியையும் சுட்டுவதாயினும், இலக்கணம் தச்சனை உளியோடு சேர்த்து வைக்கவில்லை. அரசனோடு சேர்த்துக் கருத்தா என்றே வைத்தது. இலக்கணம் பொருள் நோக்கிச் செய்த இப்பாகுபாட்டினுள் ஓர் அறநெறியும் அடங்கியிருப்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

பொருள் கொடுத்து ஒரு கலைஞனைப் பணித்துத் தமக்கென ஒரு படைப்பைச் செய்வித்துக்கொள்வோர் இக்காலத்தில் பெருகியுள்ளனர். மறைந்த தந்தையின் உருவப்படம் வேண்டுவோர், மணமண்டபத்திற்குச் சிற்பம் வேண்டுவோர், கோபுரத்திற்குச் சுதைவேலை வேண்டுவோர், பள்ளிச் சுவருக்கு ஓவியம் வேண்டுவோர் எனப் பல திறத்தார் உளர். இவர்கள் கொடுக்கும் பொருள் எதனை விலைக்கு வாங்குகின்றது? படைப்பை மட்டுமா? படைத்தவனது கருத்தையும் சேர்த்தா? பணம் பெற்றுக்கொண்டமையால் கலைஞன் கருத்தா என்னும் நிலையிலிருந்து கருவி என்னும் நிலைக்கு இறங்கிவிடுகின்றானா? இவ்வினாவுக்கு நேரிய விடை காணாதவிடத்து, பணித்தோனும் படைத்தோனும் இருவருமே துன்புறுவர்.

பணித்துச் செய்வித்தலின் இயல்பு

கடையில் ஒரு பொருளை வாங்குவதும், ஒருவரிடம் கூலிக்கு வேலை வாங்குவதும், ஒரு கலைஞனைப் பணிப்பதும் வெவ்வேறு செயல்கள். கடையில் உள்ள பொருள் முன்னரே செய்து முடிக்கப்பட்டது. கண்ணால் கண்டு, கையால் எடுத்துப் பார்த்து, வேண்டுமாயின் வாங்கலாம், வேண்டாவிடின் விட்டுவிடலாம். கூலிவேலையிலோ செய்ய வேண்டியது இன்னதென முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளது. பத்தடி நீளத்திற்கு வேலி கட்டுமாறு கூறினால், கட்டி முடித்த வேலியை அளந்து பார்த்துக் கூலி கொடுத்துவிடலாம். கலைஞனைப் பணிக்கும்போது இவ்விரண்டும் இல்லை. வேண்டும் பொருள் இன்னும் பிறக்கவில்லை; அஃது எவ்வாறு இருக்கும் என்பது பணிப்போனுக்கும் தெரியாது, பணிக்கப்படுவோனுக்கும் முழுமையாகத் தெரியாது. இல்லாத ஒன்றின்மீது இருவரும் வைக்கும் நம்பிக்கையே அவ்வுடன்பாட்டின் அடிப்படை ஆகும்.

இதனை இன்னும் சற்று நுணுகி நோக்குதல் வேண்டும். ஒருவர் பல ஓவியர்களை விடுத்து ஒருவரைத் தேடிச் செல்கின்றார் எனின், அந்த ஒருவரிடம் உள்ள எதனையோ நாடிச் செல்கின்றார் என்பது பொருள். வண்ணமும் துணியும் எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. தூரிகை பிடிக்கும் கைகளும் பல உள. அவர் நாடுவது அந்த ஓவியரின் கண்ணையும், இன்னது வேண்டும் இன்னது வேண்டா என்று தெரிந்தெடுக்கும் அவருடைய உள்ளத்தையும் ஆகும். அவ்வாறு நாடிச் சென்ற பின்னர், “இங்கே சிவப்பு வையுங்கள், அங்கே பூ வரையுங்கள், இந்த முகத்தை அந்த நாட்காட்டியில் உள்ளது போல மாற்றுங்கள்” என ஒவ்வொரு கோட்டிற்கும் ஆணையிடுவாராயின், எதனை நாடிச் சென்றாரோ அதனையே அவர் தம் கையால் அழித்துவிடுகின்றார்.

இக்காலத்தில் சொன்னவுடன் படம் வரைந்து தரும் கணினிச் செயலிகள் வந்துவிட்டன. எத்தனை முறை மாற்றச் சொன்னாலும் அவை முகம் சுளிப்பதில்லை. சொல்லுக்குச் சொல் பணிந்து நடக்கும் படம் ஒன்றே ஒருவருக்குத் தேவையாயின், அவர் அக்கருவியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் “இது தகாது, இவ்வாறு செய்தால் உங்கள் நோக்கம் இன்னும் நன்கு நிறைவேறும்” எனத் தன் பெயரையும் மதிப்பையும் பிணையாக வைத்து எடுத்துரைக்கும் மனிதனை அங்கே காண இயலாது. அவ்வாறு எடுத்துரைக்கும் உரிமை உடையவன் என்பதனாலேயே கலைஞன் கருத்தா ஆகின்றான்.

முன்னோர் கண்ட நெறி

கொடுப்போர்க்கும் பெறுவோர்க்கும் இடையே அமைய வேண்டிய மதிப்புறவைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்னரே எண்ணியிருக்கின்றனர். பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றார். அரசன் அவரை நேரிற் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பினான். வறுமை மிக்க புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம்மைக் கண்டு, தம் தகுதியை அறிந்து கொடுப்பது சிறிதே ஆயினும் இனிது என்றும், காணாது கொடுப்பதைக் கைந்நீட்டி வாங்கிச் செல்லத் தாம் வணிகர் அல்லர் என்றும் அவர் உணர்த்தினார். புறநானூற்றின் 208 ஆம் பாடல் தரும் செய்தி இது. பொருள் வேண்டா என்பது புலவர் கருத்தன்று. பொருளோடு பார்வையும் வேண்டும் என்பதே அவர் கருத்து. செய்தவனை நோக்காது செய்பொருளுக்கு மட்டும் விலை கொடுப்பது கொடையும் ஆகாது, மதிப்பும் ஆகாது.

கலைஞர் பெயரைப் போற்றுதல் மேலைநாட்டார் வழக்கம் என்றும், நம் சிற்பிகள் பெயர் வேண்டாது தொண்டு செய்தவர்கள் என்றும் கூறுவோர் உளர். பெயர் அறியப்படாத சிற்பிகள் எண்ணற்றோர் என்பது உண்மையே. ஆயின் அதனை நெறி என்று கொள்வதற்கில்லை. 1010 ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரியகோயிலின் கல்வெட்டுகளில், தான் கொடுத்தவற்றையும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு பணித்த முதலாம் இராசராசன், கொடுத்தோர் பெயரோடு நிற்கவில்லை. குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என அக்கோயிலின் பெருந்தச்சன் பெயர் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. ஆடல்மகளிர் நானூற்றுவர் பெயர்களும் அவர்கள் குடியிருந்த மனைகளும் பதிவாகியுள்ளன. கோயிற்பணி செய்த தையற்காரரும் தச்சரும் நாவிதரும் விடப்படவில்லை. ஏவுதற் கருத்தாவாகிய பேரரசன், இயற்றுதற் கருத்தாக்களைத் தன் கல்லிலேயே நிறுத்தி வைத்தமையால் அவன் புகழ் குறைந்துவிடவில்லை.

இதனினும் ஆழ்ந்த பொருளுடையது சிற்பிகளிடையே இன்றும் வழங்கிவரும் ‘கண் திறத்தல்’ என்னும் சடங்கு. கல் வாங்கியவர் கோயிலார். கூலி கொடுப்பவர் அறங்காவலர். மந்திரம் ஓதுபவர் குருக்கள். எனினும் திருவுருவத்தின் கண்ணைத் திறக்கும் உரிமை ஸ்தபதிக்கே உரியது. அவர் கையிலுள்ள பொன்னூசி அந்தக் கண்ணில் கோடிடும் வரை, பணித்தோர் அனைவரும் காத்து நிற்பர். பின்னர் அவருக்கு ஆடையும் பொருளும் அளித்து மரியாதை செய்வர். கல் யாருடையது என்னும் வழக்கு அங்கே எழுவதில்லை. கண்ணைத் திறப்பவர் யார் என்பதில் ஐயமும் எழுவதில்லை. உடைமை ஒருவருக்கும் படைப்புரிமை மற்றொருவருக்கும் உரியனவாக ஒரே பொருளில் இசைந்து நிற்கக்கூடும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஜார்ஜ்டவுன் சுவர்கள்

பழைய நெறி புதிய காலத்தில் எவ்வாறு சோதிக்கப்படுகின்றது என்பதற்குப் பினாங்கு நகரமே நல்ல எடுத்துக்காட்டாக விளங்குகின்றது. 2008 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஜார்ஜ்டவுன், மலாக்காவோடு சேர்த்து, யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டில் மாநில அரசு நகரத்தின் வரலாற்றைத் தெருக்களில் விளக்கிக் காட்டும் கலைப்பணிக்காக ஒரு போட்டி நடத்தியது. அதில் தெரிந்தெடுக்கப்பட்ட சிற்ப நிறுவனம், வளைத்த எஃகுக் கம்பிகளால் ஆன 52 கேலிச்சித்திரங்களைத் தெருச் சுவர்களில் அமைத்தது. வரலாற்றை விளக்குக என்னும் பணிப்பைப் பெற்ற கலைஞர்கள், பட்டயமும் பளிங்குக்கல்லும் நாடாமல், தெருமக்களின் நகைச்சுவையை நாடினர். வரலாறு வேண்டும் என்று கேட்டது அரசு; அது சிரித்த முகத்தோடு வரலாம் என்று கண்டது கலைஞர் உள்ளம்.

2012 ஆம் ஆண்டில் ஜார்ஜ்டவுன் விழாவின் பொருட்டு, லித்துவேனிய நாட்டு இளம் ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச், நகரச் சுவர்களில் ஓவியங்கள் தீட்டினார். அவற்றுள் ஆர்மேனியன் தெருவில் உள்ளது அனைவரும் அறிந்தது. பழைய மிதிவண்டி ஒன்று உண்மையாகவே சுவரோடு பொருத்தப்பட்டுள்ளது. அதன்மேல் அமர்ந்திருக்கும் சிறுமியும் சிறுவனும் ஓவியம். வண்டி மெய், குழந்தைகள் சித்திரம். இரண்டும் கூடும் இடத்தில் பார்ப்போர் தம் இளமைக் காலத்தையே கண்டுவிடுகின்றனர். பொருளும் உருவமும் கலந்த இப்புனைவை எந்தப் பணிப்பாணைக் கடிதத்திலும் முன்கூட்டியே எழுதி வைத்தல் இயலாது. ஓவியரை அழைத்தல், வாய்ப்பளித்தல், சுவரைப் பெற்றுத் தருதல் என்பன வரையில் பணித்தோரால் இயலும். அதற்கு அப்பால் நிகழ்வது ஓவியரின் செயல்.

அதன் பின்னர் நிகழ்ந்தவை சிந்தனைக்குரியன. ஓவியத்தைக் காணவும், அதனருகே நின்று படமெடுத்துக்கொள்ளவும் மக்கள் வரிசையில் நின்றனர். அவ்வோவியம் சட்டைகளிலும் சாவிக்கொத்துகளிலும் அஞ்சலட்டைகளிலும் ஏறியது. 2024 ஆம் ஆண்டில், அது தம் இசைவின்றி ஒரு விமானத்தின் மேனியிலும் இடம்பெற்றதாக ஓவியர் பொதுவில் முறையிட்டார். 2025 இல் அம்முறையீடு வழக்காயிற்று. வழக்கின் முடிவு நீதிமன்றத்தைச் சார்ந்தது. ஆனால் அது எழுப்பும் வினா அனைவரையும் சார்ந்தது. தெருச்சுவரில் எல்லாரும் காண இருக்கும் ஒன்று எல்லாருக்கும் உடைமை ஆகிவிடுமா? காண்பது வேறு, கைக்கொள்வது வேறு என்பதை மக்கள் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மலேசியாவின் 1987 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதுபற்றிக் கூறுவதை ஆசிரியரும் மாணவரும் அறிந்திருத்தல் நன்று. ஒருவர் பணித்துச் செய்வித்த படைப்பின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பணித்தோருக்கே மாறியதாகக் கொள்ளப்படும். ஆயினும், படைத்தோன் பெயரை நீக்கி வேறொருவர் பெயரால் அதனை வழங்குவதையும், அவன் மதிப்புக்கு ஊறு நேருமாறு அதனைச் சிதைப்பதையும் திரிப்பதையும் தடுக்கும் அறவுரிமை படைத்தோனிடமே நிலைத்திருக்கும். இலக்கணம் கண்ட இரு கருத்தாக்களையும் சட்டமும் தன் வழியில் கண்டிருக்கின்றது எனலாம்.

பணித்தோன் உரிமை

இதுகாறும் கூறியவற்றால் பணித்தோனுக்கு உரிமையே இல்லை என்று கருதிவிடலாகாது. அவன் பக்கத்தையும் நடுநிலையோடு நோக்குதல் கடன். கோபுரத்தில் அமைய வேண்டிய தெய்வ உருவத்திற்கு ஆகம மரபும் சிற்பநூல் அளவும் உண்டு. அவற்றைப் புறக்கணித்துத் தன் மனம் போனவாறு செய்பவன், கருத்தா என்னும் பெயரால் கடமை தவறியவன் ஆவான். தந்தையின் உருவப்படத்தை வேண்டும் மகனுக்கு அந்த முகம் இல்லத்தில் நாள்தோறும் காண வேண்டிய முகம். அதில் அவன் தந்தை தோன்றாவிட்டால், அது சிறந்த ஓவியம் என்று அறிஞர் கூறுவதால் அவனுக்கு யாது பயன்?

இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இவ்விடர்ப்பாட்டைத் தெளிவாகக் காட்டும். 1954 ஆம் ஆண்டில் தலைமை அமைச்சர் சர்ச்சிலின் எண்பதாம் பிறந்தநாள் பரிசாக, அந்நாட்டு நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் கிரகாம் சதர்லாந்து என்னும் ஓவியரைப் பணித்து ஓர் உருவப்படம் வரைவித்தன. தாம் கண்ட முதுமையை ஓவியர் ஒளிக்காமல் தீட்டினார். சர்ச்சில் அதனை வெறுத்தார். பின்னர் அவருடைய துணைவியார் அப்படம் அழிக்கப்படச் செய்தார். தம் முகத்தைக் கண்டு மனம் நொந்தவர் மீது இரக்கம் தோன்றுகின்றது. அதே வேளையில், உண்மையைத் தீட்டிய கையின் உழைப்பு நெருப்பில் வெந்ததே என்னும் துயரமும் தோன்றுகின்றது. இவ்விரண்டு உணர்வுகளும் நேர்மையானவையே.

அமெரிக்காவின் நியூயார்க்கில் ராக்பெல்லர் மையத்தில் நிகழ்ந்தது இன்னொரு வகை. மெக்சிகோ நாட்டு ஓவியர் தியேகோ ரிவேரா 1933 இல் அங்கே தீட்டிய சுவரோவியத்தில் லெனினின் உருவத்தைச் சேர்த்தார். அதனை நீக்குமாறு பணித்தோர் கேட்டனர், ஓவியர் மறுத்தார். பேசிய தொகையாகிய 21,000 டாலரும் முழுமையாகக் கொடுக்கப்பட்டது. ஓவியம் திரையிட்டு மறைக்கப்பட்டது. 1934 பிப்ரவரியில் அது உடைத்தெறியப்பட்டது. கணக்கைப் பார்த்தால் ஒரு காசும் பாக்கி இல்லை. எனினும் கடன் தீர்ந்ததென்று மனம் ஒப்புவதில்லை. முழு விலையையும் கொடுத்த பின்னும் கொடுக்கப்படாத ஒன்று எஞ்சி நிற்கின்றது என்பதற்கு அந்த உடைந்த சுவரே சான்று.

எஞ்சி நிற்கும் அதனை இந்திய நீதிமன்றம் ஒன்று பெயரிட்டுக் காட்டியது. சிற்பி அமர்நாத் சேகல் 1957 இல் அரசால் பணிக்கப்பட்டு, புதுதில்லி விஞ்ஞான் பவனத்தின் சுவருக்காக ஏறத்தாழ 140 அடி நீளமுள்ள வெண்கலச் சுவர்ச்சிற்பத்தைப் பல ஆண்டு உழைத்துச் செய்தார். 1979 இல் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது அது சிற்பியைக் கேளாமலே பெயர்த்தெடுக்கப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது. சிற்பி நீதிமன்றத்தை நாடினார். 2005 இல் தில்லி உயர்நீதிமன்றம், சிற்பத்தின் எஞ்சிய பகுதிகளை அவருக்கே திருப்பித் தருமாறும், ஐந்து இலட்ச ரூபாய் இழப்பீடு வழங்குமாறும் தீர்ப்பளித்தது. சிற்பத்தின் உடைமை அரசினதாக இருந்தது. ஆயினும் அதனைச் சிதைக்கும் உரிமை அரசுக்கு இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆகவே, இரு தரப்பார்க்கும் உள்ள எல்லையைப் பின்வருமாறு காணலாம். நோக்கத்தை வகுப்பது பணித்தோன் உரிமை. எதற்காக, எவ்விடத்தில், எவர் காண, எவ்வளவு பொருளில் என்பனவற்றை அவனே உரைத்தல் வேண்டும். அந்நோக்கத்தை அடையும் வழியைத் தெரிவது படைத்தோன் உரிமை. பணித்தோன் நிறைவடையாவிடின், வரைவு நிலையிலேயே மறுக்கலாம். உழைப்புக்குரியதைக் கொடுத்து விலகலாம். ஆனால் முடிந்த படைப்பைச் சிதைப்பதும், அதில் வேறொரு கையைப் புகுத்தித் திருத்துவதும், படைத்தோன் பெயரை மறைப்பதும் அவன் வாங்கிய உரிமையுள் அடங்கா. விலைக்கு வாங்கப்பட்டது படைப்பு, படைத்தவன் அல்லன்.

தேர்தலும் தெளிதலும்

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ 51 ஆம் அதிகாரமாகவும், ‘தெரிந்து வினையாடல்’ 52 ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. முதலில் ஆராய்ந்து தேர்தல், பின்னர் ஐயமின்றி வினையை ஒப்படைத்தல் என்பது அவ்வதிகாரங்கள் உணர்த்தும் முறை. கலைஞனைப் பணிப்போர் பலர் இம்முறையைத் தலைகீழாகச் செய்கின்றனர். ஆராயாமல் யாரோ சொன்னதைக் கேட்டு ஒருவரை அமர்த்திவிட்டு, வேலை தொடங்கிய பின் நாள்தோறும் ஐயுறுகின்றனர். ஐயம் முதலில் வேண்டும். நம்பிக்கை பின்னர் வேண்டும்.

ஆராய்தலாவது யாது? ஓவியர் முன்னர்ச் செய்த படைப்புகளை நேரிற் சென்று காணுதல். அவரைப் பணித்த பிறரிடம், சொன்ன நாளில் முடித்தாரா, சொன்ன தொகையில் முடித்தாரா என்று கேட்டறிதல். அவர் கைவண்ணம் தம் நோக்கத்திற்குப் பொருந்துமா என எண்ணுதல். உருவப்படத்தில் வல்லவர் சுவரோவியத்தில் வல்லவராக இருத்தல் வேண்டுமென்பதில்லை. மரபுச் சிற்பியிடம் புதுமுறைச் சிற்பமும், புதுமுறைக் கலைஞரிடம் மரபு உருவமும் வேண்டுவது இருவருக்கும் இழைக்கும் கொடுமை. ஒருவர் செய்த படத்தைக் காட்டி, அதனையே படியெடுத்துத் தருமாறு மற்றொருவரைக் கேட்பது அதனினும் பெரிய தவறு. முதலாமவரிடமிருந்து படைப்பைக் கவர்வதோடு, இரண்டாமவரைக் கருவியாக்குவதும் அச்செயலுள் அடங்கியுள்ளது.

தெளிந்த பின்னர் உடன்பாட்டை எழுத்தில் வைத்தல் வேண்டும். அளவு, பொருள், நாள், மொத்தத் தொகை, முன்பணம், முன்வரைவைக் காட்டும் நிலை, எத்தனை முறை திருத்தலாம் என்பது, படியெடுத்து விற்கும் உரிமை யாருக்கு, பெயர் எங்கே பொறிக்கப்படும், பழுதுற்றால் யார் செப்பனிடுவது என்பன அதில் இடம்பெறல் நலம். எழுதி வைப்பது நம்பிக்கையின்மைக்கு அறிகுறி என்று நம்மவர் கருதுகின்றனர். உண்மையில் எழுதாமையே பகைக்கு வித்தாகின்றது. சுண்ணச் சுவரில் தீட்டிய ஓவியம் வெப்பநாட்டு வெயிலிலும் மழையிலும் மங்கும் என்பதை முன்னரே பேசி வைத்தவர்கள் பின்னர் ஒருவரையொருவர் குறைகூறார்.

கலைஞனுக்கும் கடமைகள் உண்டு. இயலாததை இயலும் என்று ஏற்றுக்கொள்ளாமை, முன்பணம் பெற்றுக்கொண்டு காலம் கடத்தாமை, பணித்தோனின் நோக்கத்தைச் செவிமடுத்தல், தன் விருப்பத்தை அவன் செலவில் நிறைவேற்றிக்கொள்ளாமை என்பன அவை. கருத்தா என்பது பெருமைப் பட்டம் மட்டுமன்று; பொறுப்பேற்கும் நிலை. கருவி பிழை செய்வதில்லை. பிழைக்குப் பொறுப்பேற்பதும் இல்லை. கருத்தாவோ பிழைக்கும் பொறுப்பாவான்.

பள்ளிச் சுவர்

இவ்வறம் எங்கோ அரண்மனையிலும் நாடாளுமன்றத்திலும் மட்டும் சோதிக்கப்படுவதன்று. அது தமிழ்ப்பள்ளியின் வாயிலிலும் சோதிக்கப்படுகின்றது. ஒரு பள்ளியின் ஆண்டுவிழா நெருங்குகின்றது என வைத்துக்கொள்வோம். முகப்புச் சுவரில் ஓர் ஓவியம் வேண்டும் எனப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் முடிவு செய்கின்றனர். அப்பள்ளியில் படித்து, ஓவியம் பயின்று, அதனையே பிழைப்பாகக் கொண்ட இளைஞன் ஒருவன் உள்ளான். “நம் பிள்ளைதானே! பணம் கேட்கமாட்டான். ஒரு பொன்னாடை போர்த்திவிட்டால் போதும்” என்று ஒருவர் கூற, மற்றவர்கள் தலையசைக்கின்றனர்.

அன்பு மிக்க சொற்கள் அவை. ஆனால் அக்கூட்டத்தின் செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தல் வேண்டும். வண்ணம் விற்ற கடைக்காரருக்கு முழுத்தொகை. சாரம் கட்டியவருக்குக் கூலி. அழைப்பிதழ் அச்சிட்டவருக்குப் பணம். விருந்து சமைத்தவருக்குப் பணம். இருபது நாள் வெயிலில் நின்று சுவரை ஓவியமாக்கியவனுக்கு மட்டும் ஒரு துணியும் ஒரு மாலையும். ‘நம் பிள்ளை’ என்னும் உறவு, அவன் உழைப்பின் மதிப்பை உயர்த்தியிருக்க வேண்டும். இங்கே அது மதிப்பை இல்லாமலே ஆக்கிவிட்டது. அவன் தானாக முன்வந்து தன் பள்ளிக்குக் காணிக்கையாகத் தருவானாயின், அது போற்றத்தக்க கொடை. கேட்டுப் பெறுவதும், மறுக்க முடியாத இடத்தில் நிறுத்திப் பெறுவதும் கொடை ஆகா.

பள்ளியிடம் பொருள் குறைவு என்பது பல இடங்களில் மெய்யே. அதற்கும் நேர்மையான வழி உண்டு. “எங்களிடம் இவ்வளவு ரிங்கிட்தான் உள்ளது, இதற்குள் எது இயலும்?” என்று வெளிப்படையாகக் கேட்கலாம். அவன் சுவர் முழுவதற்கும் பதிலாக வாயிலின் மேற்புறத்தை மட்டும் தீட்டித் தரலாம். சிறிய ஓவியம் பள்ளிக்கு இழிவன்று. பெரிய ஓவியத்தைச் சிறிய மனத்தோடு பெறுவதே இழிவு.

ஈராண்டு கழித்துப் புதிய குழு ஒன்று பொறுப்பேற்கின்றது எனவும் வைத்துக்கொள்வோம். நன்கொடையாளர் பெயர்ப்பலகைக்கு இடம் வேண்டி, ஓவியனிடம் ஒரு சொல்லும் கூறாமல் அச்சுவருக்கு வெள்ளை பூசப்படுகின்றது. சுவர் பள்ளியினுடையது, ஆதலின் குற்றம் இல்லை எனக் குழுவினர் கருதக்கூடும். ஆனால் அதனைக் காலை வணக்கக் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர் வரிசையில், குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒளித்து ஒளித்துப் படம் வரையும் சிறுமி ஒருத்தி இருப்பாள். கலை வளர்ப்போம் என்று மேடையில் ஆசிரியர் பேசியதை அவள் மறந்துவிடலாம். வெள்ளை பூசப்பட்ட அச்சுவர் கற்பித்த பாடத்தை அவள் மறவாள். ஓவியம் வரைபவர் தேவைப்படும்போது அழைக்கப்பட்டு, தேவை தீர்ந்தபின் அழிக்கப்படுவர் என்பதே அப்பாடம். அவள் வீட்டில் பெற்றோர், “ஓவியம் சோறு போடாது” எனக் கூறும்போது, அது பொய் என்று மறுத்துரைக்க அவளிடம் சான்று ஒன்றும் இராது. அச்சான்றைப் பள்ளியே அழித்துவிட்டது.

ஆதலின் தமிழாசிரியர்கள் மூன்றாம் வேற்றுமையைக் கற்பிக்கும் நாளில், ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா, கருவி என்னும் பாகுபாட்டை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு முடித்துவிடுதல் போதாது. மாணவரை முகப்புச் சுவரின் முன் அழைத்துச் சென்று, இதனை வரைவித்தவர் யார், வரைந்தவர் யார் என்று வினவலாம். இரண்டு பெயர்களும் அச்சுவரின் ஓரத்தில் எழுதப்பட்டிருக்குமாயின், இலக்கணமும் அறமும் ஒருசேர விளங்கும். வரைந்தவர் பெயர் இல்லையெனில், அதனைக் கேட்டறிந்து எழுதும் பணியை அம்மாணவரிடமே ஒப்படைக்கலாம். காரைக்குடியில் வெள்ளித் தகட்டின் முன் குனிந்திருந்தவர்களுக்கு இன்று நம்மால் ஒன்றும் செய்ய இயலாது. நம் ஊரில், நம் கண்முன் தூரிகை ஏந்தி நிற்பவர்களுக்குச் செய்ய வேண்டியது இன்னும் நம் கையிலேயே உள்ளது.